புவாத் தம்பி சீலையில் வைத்த முகம்

பதுளையில் அன்று நல்ல மழை. சேற்றுக் காலோடு புவாத் தம்பியின் வீடியோக் கடைக்குள் போகக் கூசி, நானும் என் வீட்டுக்காரர் மாரிசாமியும் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டோம். பேசி முடித்து எழுந்தபோது வாசலில் செருப்பைக் காணோம். கதவுக்கு உள்பக்கம், சுவரில் சாய்த்து, தண்ணீர் வடிய நிறுத்தியிருந்தது. அவர் எப்போது எழுந்துபோய் எடுத்து வைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

நாங்கள் போனது எங்கள் மகள் நிஷாந்தினிக்காக. பத்தொன்பது வயது. மண் சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பாதியைக் கொண்டுபோன அன்று, காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தாள். மறுநாள்தான் எடுத்தார்கள். முகத்தை எனக்குக் காட்டவில்லை. துணியால் மூடியே கொண்டுபோனார்கள். வீட்டிலிருந்த படமெல்லாம் மண்ணோடு போயிற்று. கூட்டாளிப் பிள்ளையின் போனில் ஒரு படமும், ஓரம் தைக்கப் பண்டாரவளையில் கொடுத்திருந்த ஒரு புதுச் சீலையும்தான் மிச்சம். சிவப்புச் சீலை, மஞ்சள் பூ. அவள் அதை உடுத்தவே இல்லை.

கன்னியாகப் போன பெண்ணுக்குப் புதுச் சீலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். அவள் போய் ஒரு வருஷம் முடிகிற அன்று அந்தச் சீலையை வைத்து, அதிலேயே அவள் முகம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோவும் காட்ட ஆசைப்பட்டேன். கண்ணை மூடினால் எனக்கு அந்த மூடின துணிதான் வந்தது. அவள் முகம் வேண்டும்.

“முதலாளி, இப்பிடியெல்லாம் செய்ய முடியுங்களா?” என்றார் வீட்டுக்காரர்.

“முதலாளிண்டா தொப்ப வேணும் அண்ணே. எனக்குச் சீனி வருத்தம் மட்டும்தான் ஈக்கி. புவாத்ண்டு கூப்பிடுங்க.”

வாப்பாவின் துணிக்கடையில் சீலை மடித்து வளர்ந்தவர் அவர். பிறகு கலியாண வீடியோ வேலைக்கு வந்தார். சீனி நோயால் பார்வை மங்கி, மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். பள்ளியில் பாங்கு சொன்னால் எந்த வேலையையும் விட்டுவிட்டுத் தொழ எழுந்துவிடுவார். அதனாலேயே எனக்கு அவரை நம்பத் தோன்றியது.

கடைக்குப் பின்னால் கயிறு கட்டி, சீலையைக் காற்றில் ஆடவிட்டுப் படம் பிடித்தார். முகத்தைச் சும்மா அதன்மேல் வைத்தால் ஒட்டின தாள் மாதிரி இருக்குமாம். சீலை ஆடும், முகம் ஆடாது. அதனால் சீலைப் படத்தின் நிறத்தை எடுத்துச் சாம்பலாக்கி, அதைக் கம்ப்யூட்டருக்கு வழிகாட்டியாகக் கொடுப்பார். வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம் என்று அது எடுத்துக்கொண்டு முகத்தை அங்கங்கே தள்ளி வைக்கும். மடிப்போடு முகமும் மடியும்.

பத்து நாள் கழித்துப் போட்டுக் காட்டினார். மகள் முகம் வந்தது. கன்னம் வீங்கி, நெற்றி குழிந்து, உதடு ஒருபக்கம் இழுபட்டு, கல் அழுத்தினாற்போல் இருந்தது. அவருடைய மங்கின கண்ணுக்கு அது தெரியவில்லை. எனக்குக் காட்டாமல் மூடினது இதைத்தான் என்று நினைத்துவிட்டேன். “ஆத்தா, மாரியாத்தா!” என்று கத்திக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். சோறு இறங்கவில்லை. மலைக்குக் கொழுந்து பறிக்கவும் போகவில்லை.

எட்டாம் நாள் புவாத் தம்பியே போனில் கூப்பிட்டார். “அக்கா, பூவால வந்த வேலை அது. ஒருக்கா வாங்க.”

மாட்டேன் என்றேன்.

“பயந்துகிட்டே கெடந்தா அந்த மூஞ்சிதான் ஒனக்கு மிஞ்சும் புள்ள. கெளம்பு,” என்றார் வீட்டுக்காரர்.

போனதும் புவாத் தம்பி என் கையில் மிட்டாய் சுற்றுகிற, கண்ணாடி மாதிரியான ஒரு சிவப்பு டொபித் தாளைத் தந்தார். “இதால சீலையப் பாருங்க.”

கண்ணில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் பூ ஒன்றையும் காணோம். மடிப்பு மட்டும் நின்றது.

“சாம்பலாக்கினா மஞ்சப் பூ வெளுத்துப் போகுது. கம்ப்யூட்டர் அத மேடுண்டு நெனச்சி கன்னத்தத் தள்ளிட்டுது. பூவையும் மடிப்பையும் பிரிக்க அதுக்குத் தெரியா. சீல மடிச்ச எனக்குத் தெரிஞ்சீக்கணுமே! இப்ப, இந்தத் தாளால பாத்த மாதிரி, சிவப்பு வெளிச்சத்த மட்டும் வெச்சிச் செஞ்சீக்கேன்.”

போட்டார். சீலை அசைந்தது. நிஷாந்தினி அதிலே சிரித்துக்கொண்டு அசைந்தாள். ஒரு மடிப்பு கழுத்தோரம் ஓடி முடிந்தது. கன்னத்தில் ஒரு வடு இல்லை. நான் திரையைத் தொட்டேன். தொடாதீங்க என்று அவர் சொல்லவில்லை.

கும்பிட்ட அன்று லயத்துச் சனம் எல்லாம் பார்த்து அழுதது. இரண்டு மாதம் போய் அவர் மனைவி உம்மு குல்தூம் போனில் பேசினார். சீனி கூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே மௌத்தாகிவிட்டாராம். வயது முப்பத்தெட்டு. மாரியம்மனுக்கு விளக்கு வைக்கும்போது அவருக்கும் ஒரு திரி போடுகிறேன். அவருடைய ஆண்டவன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்.

அந்த வீங்கின முகம் இன்னும் சில நேரம் கண்முன் வரும். அப்போது, கடைசியாகக் கடை வாசலில் வீடியோ இருந்த மெமரி சிப்பை என் உள்ளங்கையில் வைத்து அவர் சொன்னதை நானே சொல்லிக்கொள்வேன்:

“அக்கா, அண்டைக்கு நீங்க கண்டது எண்ட பிழை. புள்ளட முகம் இல்ல. அத எனக்கிட்ட உட்டுட்டு, இத மட்டும் கொண்டு போங்க.”