ரூபாயை நம்பாத எங்கள் வாப்பா

தந்தவன் அல்லாஹ், எடுத்துக்கொண்டவனும் அவனே. எங்கள் வாப்பா இல்லாத முதல் வருடம் கழிந்துவிட்டது.

நிந்தவூரில் வேளாண்மைக் குடும்பமொன்றில் பிறந்த வாப்பா, உம்மாவை மணமுடித்துச் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தார்கள். ஓய்வுபெறும்வரை அரசாங்கக் கந்தோரொன்றில் கணக்கு எழுதினார்கள். பொதுப்பணம் போகிற வழியைப் பக்கத்திலிருந்து பார்த்ததாலோ என்னவோ, அரசாங்கத்தின் எந்த வாக்குறுதியையும் அவர்கள் நம்பியதில்லை. திறப்புவிழாப் பந்தலைக் கண்டால், "கடன் வாங்கிக் கட்டுறானுகள். வட்டி கட்ட வேற கடன். இதுக்கு என்னத்துக்கு வெடி கொளுத்துற?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். விருந்துகளில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவே ஆட்கள் தயங்கினார்கள். சோறு இறங்காதாம்.

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை முதலீட்டுக் கணக்கொன்றில் போடும்படி உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வற்புறுத்தினார். "ரூபாயச் சேத்து வைக்கிற ஐஸ்கட்டிய அடுக்கி வைக்கிற மாதிரி, மச்சான்" என்றார்கள் வாப்பா. எனக்கென்று தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நின்றது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் கல்யாணப் பேச்சு நகராது. அதனால் முழுப் பணத்துக்கும் சீமெந்தும் கம்பியும் வாங்கி அறை நிறைய அடுக்கினார்கள்.

பிறகு வாப்பா சொன்னதெல்லாம் நடந்தது. ரூபாய் விழுந்தது. சீமெந்து விலை கைக்கெட்டாமல் போனது. "நீங்கதான் மச்சான் புத்திசாலி" என்று மாமாவே வந்து சொன்னார். ஆனால் மணல் ஏற்ற லொறிக்கு டீசல் இல்லை. மேசன்மார் வெளிநாடு போய்விட்டார்கள். கடற்காற்றில் மூட்டைகள் ஒவ்வொன்றாய் இறுகின. ஒருநாள் வாப்பா அந்த அறைக்குள் போய், மூட்டையொன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். அதன்பின் அரசாங்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாப்பா ஏசாமல் இருந்ததுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

அவர்களுக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஊரில் வாகனமே ஓடவில்லை. பெற்றோல் வரிசையில் நின்ற பொடியன்மார் செய்தி கேட்டு, தங்கள் மோட்டார் சைக்கிள்களில் அடியில் கிடந்ததைப் போத்தல்களில் இறக்கி ஓர் ஓட்டோவுக்கு ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டுச்சீட்டுத் தந்தார்கள். எங்கள் மூத்த சகோதரர், காக்கா, ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் அது இல்லை.

"நீங்க சொன்னதுதான் வாப்பா நடந்திரிக்கி" என்றேன்.

"நான் சொன்னது பொய்யாப் போகோணும் எண்டுதான் மகள், தொழுகைக்குத் தொழுக துஆக் கேட்ட."

மறுநாள் நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் வாப்பா மௌத்தானார்கள்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், வாப்பா யாருக்கும் கடன்பட்டிருந்தால் தன்னிடம் பெற்றுக்கொள்ளும்படி காக்கா அறிவித்தார். ஒருவரும் வரவில்லை. ஆனால் கடனென்றாலே அஞ்சிய வாப்பா, அந்தப் பெற்றோல் கடனோடுதான் போனார்கள். வரிசைகள் ஓய்ந்ததும் காக்கா கேனோடு வீடுவீடாகப் போனார். "அத அப்பவே ஹலாலாக்கிட்டம் காக்கா, கொண்டு போங்க" என்று பொடியன்மார் கடனை மன்னித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கும், ஓட்டோ ஓட்டிய சகோதரருக்கும், கபுறுக்குழி வெட்டியவர்களுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், காரைதீவிலிருந்து நடந்தே வந்த வாப்பாவின் கந்தோர் நண்பருக்கும் எங்கள் நன்றி. வாப்பா சொன்னது பலித்ததென்று தயவுசெய்து இனி எங்களிடம் சொல்லவேண்டாம். அந்தப் பெருமை எங்களுக்குத் தேவையில்லை. அவர்களின் மறுமைக்காகக் கையேந்தும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: வாப்பா சொன்னவற்றில் இன்னும் நடக்காமல் மிச்சமிருப்பவை பொய்யாகவே போகட்டும்.