காய்ச்சல் வந்த ஊரும் கொசு கடித்த ஊரும்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். டெங்கு அடுத்து எந்த ஊரில் தலைதூக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா என்று எனக்கொரு கிறுக்கு. மழை, வெயில், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் காய்ச்சல்காரர்கள் கொடுத்த ஊர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகாதார அதிகாரி ஒருவர் அதை நம்பினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவரிடம் கொசுப்புழு ஒழிக்க இருந்தது ஒரே ஒரு குழு. நான் கைகாட்டும் ஊருக்கு அவர்கள் போவார்கள். மற்ற ஊர்கள் காத்துக் கிடக்கும்.

ஆண்டிமடம் பக்கத்து ஊர் ஒன்றைக் காட்டினேன். முதல் வாரம் புழு இல்லை என்றார்கள். ஒழுங்காகத் தேடச் சொல்லுங்கள் என்று இன்னொரு வாரமும் அங்கேயே நிறுத்த வைத்தேன். அந்த வாரக் கடைசியில் குழுவின் மேஸ்திரி போன் செய்தார்.

"சார், டிரம்மு, தொட்டி, பழைய டயரு, ஒண்ணு விடாம பாத்துட்டோம். ஒரு புழு கூட இல்லீங்க. உங்க கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கும்போல."

சுள்ளென்று கோபம் வந்தது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தேடினார்களோ என்று முணுமுணுத்தபடி அரியலூர் போய், பஸ் மாறி, அந்த ஊரில் இறங்கினேன். ஊர் நர்சம்மா என்னைக் காய்ச்சல் வந்த வீடுகளுக்குக் கூட்டிப் போனார். முதல் வீட்டில் ஒரு பெண் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பொறந்ததுதாங்க இங்க. கட்டிக் குடுத்தது பெரம்பலூர் பக்கம். ஜொரம் அடிச்ச மறுநாளே அம்மா வூட்டுக்கு வந்துட்டேன். ஆஸ்பத்திரிலயும் இந்த ஊர் பேரத்தான் குடுத்தேன்."

இரண்டாவது வீட்டிலும் இதே கதை. மூன்றாவதிலும். அட! மூவரும் வாழ்க்கைப்பட்டது பெரம்பலூரை ஒட்டிய ஒரே ஊரில். இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பழக்கமாம்.

"இதுல என்ன சார் அதிசயம்? மாமியா வூட்ல படுத்தா யாரு கஞ்சி வெச்சுக் குடுப்பா?" என்று நர்சம்மா சிரித்தார்.

எனக்குப் புல்லரித்தது. என் கணக்கில் மழை பெய்தது, கொசு பறந்தது. அம்மா வீட்டுக்கு யாருமே போகவில்லை. காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் பஸ் ஏறினார்கள், குழந்தைகளையும் கூட்டி வந்தார்களா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். குழுவை உடனே பெரம்பலூர்ப் பக்கம் திருப்பச் சொல்லி அதிகாரிக்குப் போன் போட்டேன். பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட மிதப்பு வேறு.

நான் தெருவில் நின்று பேசியது முதல் வீட்டுப் பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்ப கொசு அங்கதான் இருக்குங்களா?"

"ஆமாம்மா."

"எம் பொண்ணு அங்கதான சார் இருக்கா! பரீச்சன்னு வுட்டுட்டு வந்தேன்."

அங்கேயே நின்று போன் போட்டாள். மாமியார் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நேத்துலேருந்து ஒடம்பு கொதிக்குதாம். ரெண்டு வாரமா இங்கயேவா தேடுனீங்க?"

"நான்தாம்மா இங்க அனுப்பச் சொன்னேன்." சொல்லும்போது கூசிப்போனேன்.

அவள் போர்வையை உதறி வாசலிலேயே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"மொதல்ல என்னய பஸ் ஏத்தி வுடுங்க சார்."