ஆறு வருஷம், ஒரு புண் இல்லை

1. மூக்கைத் தயார் பண்ணிக்கொண்டு போனது

முப்பத்து மூன்று வருஷம் ஸ்டாஃப் நர்ஸ் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மருமகளோடு சண்டை வரும் என்று எனக்கே தெரியும். அதனால், வயதானவர்களுக்கு வீட்டில் என்ன வைத்தியம் கிடைக்கிறது, யார் துணை இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யும் ஒரு குழுவில் ஃபீல்டு வேலைக்குச் சேர்ந்தேன். கையில் ஸ்லேட்டு மாதிரி ஒரு டேப் கொடுப்பார்கள். வீடு வீடாகப் போய் அதிலிருக்கும் கேள்விகளைக் கேட்டுப் பதில் போட வேண்டும்.

எங்கள் கோஆர்டினேட்டர் யாஸ்மின் சேலத்துப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ட்ரெயினிங்கில் என்னைப் பார்த்துத் தனியாகவே சொன்னாள்.

"மேடம், நீங்க நர்ஸ். பார்த்தா கை சும்மா இருக்காது. ஆனா நாம ஆராய்ச்சிக்குப் போறோம். பாருங்க, கேளுங்க, எழுதுங்க. எதையும் சரி பண்ணப் போயிடாதீங்க."

"ஏம்மா, ஊசி போடவா போறேன்? கேள்விதான கேக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள் எனக்கு விழுந்த ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் இருந்தது. அங்கே மூன்றாவது வீடு கந்தசாமி அண்ணனுடையது. நாற்பது வருஷம் லாரியில் வடக்கே லோடு ஓட்டியவர். அவர் மனைவி பாவாயி அக்காவுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஒரே மகள் சுமதி கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள்.

படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதும் எங்கள் படிவத்தில் உண்டு. ஆறு வருஷப் படுக்கை என்றால் என்ன நாற்றம் வரும் என்று வார்டில் கிடந்த எனக்குத் தெரியாதா? படியேறும்போதே மூக்கைத் தயார் பண்ணிக்கொண்டேன். உள்ளே போனால் துவைத்த துணி வாசனைதான் வந்தது. கையுறை போட்டு முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பழைய தழும்புகூட இல்லை. நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

எங்கள் வார்டில் மூன்று ஷிஃப்டுக்கும் நர்ஸ்கள் இருந்தோம். அப்படியும் பத்தாம் நாள் முதுகு சிவந்து போன நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். இங்கே வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு லாரி டிரைவர் ஆறு வருஷமாக ஒரு புண் வராமல் வைத்திருக்கிறார்.

"ஏனுங்கண்ணா, ஆளு கீளு வெச்சிருக்கறீங்களா?"

"ஆளெங்கீங்க சிஸ்டர்? நாந்தானுங்க."

2. புறங்கை

எப்படி என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினார். அக்காவுக்கு அடியில் எப்போதும் ஒரு பழைய நூல் சேலை நாலாக மடித்துக் கிடக்கும். அதன் இரண்டு ஓரத்தையும் பிடித்து, "வா சாமி, அந்தப் பக்கம் போலாம்" என்று சொல்லிக்கொண்டே தூக்கித் திருப்பினார். உடம்பு மெத்தையில் உரசவே இல்லை.

"இழுத்தா டயரு தேயறாப்பல தோலு தேஞ்சு போயிருமுங்க. தூக்கித்தான் வெக்கோணும்."

திருப்பி வைத்ததும், இதுவரை அடியில் அழுந்திக் கிடந்த தோள், இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு இடமாகப் புறங்கையை வைத்து வைத்து எடுத்தார்.

"இது என்னங்கண்ணா?"

"ரோட்டோரம் வண்டிய நிறுத்துனா மொதல்ல என்னங்க பண்ணுவம்? ஒரு சுத்து சுத்தி ஒவ்வொரு டயரையும் பொறங்கையில தொட்டுப் பாப்பம். எது சூடேறிக் கெடக்குதோ அதுதான் வெடிக்கப் போறது. உள்ளங்கை ஸ்டியரிங் புடிச்சுக் காப்புக் காச்சிப் போச்சுங்க. அதுக்குச் சூடு தெரியாது."

அழுந்திய இடம் சிவப்பதற்கு முன்னால் சூடேறும் என்று எங்கள் நர்ஸிங் புத்தகத்திலும் இருக்கிறது. பரீட்சைக்கு அதை எழுதி நான் மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நோயாளியையும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவரைக் கும்பிடலாம் போலவும் இருந்தது.

டேப்பை எடுத்துப் படிவத்தை முடித்தேன். வீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்: ஒருவர். பராமரிப்பவர்: கணவர். படுக்கைப்புண்: இல்லை. அதில் ஒரு தப்பு இருந்தது. அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

3. ஒருவர் இல்லை, இருவர்

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதே வீடுகளுக்குப் போக வேண்டும். மூன்றாம் தடவை போனபோது கந்தசாமி அண்ணன் அக்காவைத் தூக்கித் திருப்பிவிட்டு, இடது கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். முகம் வேர்த்துவிட்டது.

"என்னங்கண்ணா பண்ணுது?"

"வாயுங்க."

"எனக்கே வாயுன்னு சொல்றீங்களா? வேட்டியத் தளத்துங்க."

முறைத்தார், முனகினார். நான் விடவில்லை. பார்த்தால் குடலிறக்கம், எலுமிச்சம்பழம் அளவுக்கு. அதை உள்ளே தள்ளித் தள்ளி, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷமாகத் தினமும் அத்தனை தடவை மனைவியைத் தூக்கியிருக்கிறார்.

"குடல் மாட்டிக்கிச்சுன்னா உசுரு போயிரும், தெரியுமா உங்களுக்கு? ஆப்பரேசன் பண்ணியே ஆகோணும்!"

"நான் போயிப் படுத்துட்டா இவள ஆருங்க திருப்பறது? ஆஸ்பத்திரில அஞ்சு நாள் படுக்கோணும்பாங்க. அஞ்சு நாள்ல ஆறு வருசமும் போயிருமுங்க சிஸ்டர்."

பேச்சை மாற்றுகிற மாதிரி, "உங்களுக்கு என்ன வயசுங்கண்ணா?" என்று கேட்டேன்.

"எழுவத்தி நாலுங்க."

டேப்பைத் திறந்து பார்த்தேன். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்: ஒருவர். அக்காவுக்கு வயது எழுபது. அவரைவிட நாலு வயது மூத்தவர் என் கண் முன்னால் பாரம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார், நான் அவரை முதியவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கட்டிலில் படுத்திருந்தால்தான் எனக்குக் கிழவர். நின்றுகொண்டிருந்தால் ஆஸ்பத்திரி ஆயா, வார்டுபாய் மாதிரி ஒரு ஆள். அவ்வளவு புத்திசாலி நான்.

அன்று மாலையே யாஸ்மினுக்கு ஃபோன் போட்டேன். "அஞ்சு நாள் அந்த வீட்டுல நான் இருந்து பாத்துக்கறேன். நீ வேண்டாம்னாலும் இருப்பேன்."

"மேடம், லீவு எழுதிக் குடுங்க. லீவுல நீங்க யார் வீட்டுக்குப் போனா எனக்கென்ன?" என்றாள்.

4. கடிகாரம்

சுமதி வந்து அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இங்கே அக்காவோடு நானும், கொடிக்கால் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுச் சரசுவும். போகும்போது அண்ணன் வாசலில் நின்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். "நான் நர்ஸுங்கண்ணா, போயிட்டு வாங்க" என்று விரட்டாத குறையாக அனுப்பினேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். அதுதான் நாங்கள் படித்தது. சுவரில் சார்ட் எழுதி ஒட்டினேன். இரண்டு நாள் பிசகில்லாமல் நடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது. இடப்பக்கமாகப் படுத்திருந்த அக்கா இடது கையால் கட்டிலைத் தட்டினார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. மறுபடி தட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் இருவத்தஞ்சு நிமிசம் இருக்குதுங்கக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

நேரம் வந்து திருப்பினால் இடது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. விரல் வைத்து அழுத்தினேன், வெளுக்கவில்லை. புண் தொடங்குகிற அடையாளம் அது. ஆறு வருஷம் அண்ணன் காத்ததை நான் மூன்றே நாளில் கெடுத்துவிட்டேன் என்று அழுகை வந்தது. "சிஸ்டர், அழுவாதீங்க, அண்ணங்கிட்டக் கேட்டுப் போடலாம்" என்று சரசுதான் ஃபோனை எடுத்துக் கொடுத்தாள்.

அவருக்கு ஆப்பரேஷன் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவ தட்டுனாளுங்களா?"

"தட்டுனாங்க. மணி ஆகலைன்னு நாந்தான்..."

"தட்டுனா அப்பவே திருப்போணுமுங்க. வெயில்ல டயரு சீக்கிரம் சூடாவும், மணியப் பாத்தா ஓட்டறது? இடப்பக்கம் அவளுக்கு உணர்ச்சி இருக்குது, அத அவளே சொல்லுவா. வலப்பக்கம் அவளுக்குத் தெரியாது, அதுக்குத்தான் எங்கையி. பாதி அவ பாக்கறா, பாதி நான் பாக்கறனுங்க. பயப்படாதீங்க, இன்னிக்கு அந்தப் பக்கம் படுக்க வெக்காதீங்க, சரியாப் போயிரும்."

ஃபோனை வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதமாக அக்காவை ஒரு கட்டிலும் படுக்கையும் மாதிரிதான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் பாதி நர்ஸ் அவர்தான். சார்ட்டைக் கிழித்துப் போட்டேன். அதற்கப்புறம் அவர் தட்டினால் திருப்பினோம், வலப்பக்கத்தை நான் புறங்கையால் பார்த்தேன். மறுநாள் காலையில் அந்தச் சிவப்பு போய்விட்டது. போய்விட்டது என்று சரசு சொன்னதும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

5. சிவப்பு எழுத்து

அண்ணன் வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து அவர் பேரில் தனிப் படிவம் போடப் போனேன். இனிமேல் அவர் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுமதி ஒரு மாதம் தங்கித் தூக்குகிறாள். காலையிலும் மாலையிலும் சரசு கை கொடுக்கிறாள். சுமதி போன பிறகு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதையும் உள்ளபடி எழுதினேன்.

கடைசிக் கேள்விக்கு வந்தேன். "உடம்பு சரியில்லைன்னா உங்களப் பாத்துக்கறது ஆருங்கண்ணா?"

கட்டிலை ஒட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தவர், "அவதானுங்க" என்றார்.

தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். பாவாயி அக்காவின் இடது கை மெதுவாகக் கட்டிலை விட்டு வெளியே வந்தது. அண்ணன் வயிற்றில் தையல் போட்ட இடத்துக்குப் போய், புறங்கையாக விழுந்து, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சூடு இல்லையாம்.

பராமரிப்பவர் பெயர்: பாவாயி. உறவு: மனைவி. எழுதி அனுப்பினேன்.

மறுநாளே யாஸ்மின் கூப்பிட்டாள். "மேடம், பெட்ரிடன் பேஷண்ட் பேரைக் கேர்கிவர்ல போட்டிருக்கீங்க. எரர்னு சிவப்பாக் காட்டுது. மாத்திடுங்க."

"மாத்த மாட்டேன். நீ வந்து பாரு."

உண்மையாகவே வந்தாள். அந்த வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இருமியதும் அந்தக் கை போய் அவர் நெற்றியைத் தொட்டதைப் பார்த்தாள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கட்டிலை முதலில் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம், "உங்களுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்கிறேன். அப்புறம் கட்டிலில் இருப்பவரிடம், "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இது ஒன்றைத்தான்.

அன்றைக்கு வெளியே வந்ததும் யாஸ்மின் என்னிடமிருந்து டேப்பை வாங்கினாள். சிவப்பு எழுத்தை அழிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வரி அடித்தாள்: "நேரில் பார்த்தேன். பதிவு சரி."