அத்தையின் செவ்வாய்

எங்கள் வீட்டில் செவ்வாய் என்ற பேச்சை எடுத்தாலே எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடும். நைனாவின் தங்கையான அத்தைக்குச் செவ்வாய் தோஷம். முப்பதை நெருங்கியும் ஒரு வரனும் அமையவில்லை. வந்தவர்களெல்லாம் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, காபியையும் குடித்துவிட்டுப் போனார்கள். அத்தை செவ்வாய்தோறும் பட்டினி கிடந்து, திருத்தணி மலைப்படி அத்தனையும் ஏறி முருகனிடம் முறையிட்டு வருவாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த ஆகஸ்டில்தான் செவ்வாய் பூமிக்கு என்றுமில்லாத அளவுக்கு நெருங்கி வந்தது. வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். சித்தப்பா மட்டும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். டிவி ரிப்பேர்க்காரரான அவரும் இரண்டு நண்பர்களும் மாதக்கணக்கில் கண்ணாடியைத் தேய்த்து, தாங்களே ஒரு தொலைநோக்கி செய்திருந்தார்கள். அதை எங்கள் மொட்டைமாடிக்கு ஏற்றி, கண் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன கேமராவைச் செருகி, கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள்.

தொல்லை கீழேயிருந்து வந்தது. எங்கள் விசைத்தறி ஓட ஓட மாடி அதிர்ந்தது, திரையில் செவ்வாய் நெளிந்தது.

“அண்ணா, அரை மணி நேரம் தறிய நிறுத்துங்க. படம் ஆடிக்கினே இருக்குது!”

“அந்தச் சனியனப் படம் புடிக்க என் தறி நிக்கணுமா?” என்றார் நைனா. செவ்வாயைச் சனியன் என்று திட்டியவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனாலும் தறியை நிறுத்தினார்.

தறிச் சத்தம் நின்றதும் அத்தை மாடிப்படியில் வந்து நின்றாள். சித்தப்பா கேமராவைக் கழற்றிவிட்டு, “வந்து பாருக்கா” என்றார். அவள் தயங்கி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கண்ணை வைத்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

“இதுவாடா? இத்தனூண்டா?”

“ஆங்க்கா. இதுக்கு மேல கிட்ட வராது.”

“அது பாட்டுக்கு அது போய்க்கினு இருக்குது. என்னை எங்கடா பாத்துது?” என்றாள். சிரித்தாள், கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று பிடித்த ஆயிரக்கணக்கான படங்களில் தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கினார்கள். ஆரஞ்சு வட்டம், ஓரத்தில் வெள்ளையாக ஒரு பனிப்பொட்டு. பஜார் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, சித்தப்பா முதல் படத்தை அத்தைக்குக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இந்த முறை நைனா தெம்பாக இருந்தார். புது ஜாதகம் எழுதி வாங்கியிருந்தார். சித்தப்பாவும் நண்பர்களும் மூன்று பேராகச் சேர்ந்தும் ஒரு நிமிடம் நிற்கவைக்க முடியாத கிரகத்தை, நைனா ஒரே பகலில் ஏழாம் வீட்டிலிருந்து தோஷமில்லாத பதினொன்றாம் வீட்டுக்குக் குடிமாற்றியிருந்தார்.

அவர்கள் வருவதற்கு முன் அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்து, அந்தப் படத்தைக் கையில் கொடுத்தாள். “மாப்ள அம்மா கிட்ட காட்டு பாப்பா. கேட்டாங்கன்னா, எங்க அத்தையோட செவ்வாய்னு சொல்லு.” எனக்கு ஒரே பெருமை. ஊரில் வேறு யாருடைய அத்தைக்குச் சொந்தமாகக் கிரகம் இருக்கிறது?

சொன்னபடியே சொன்னேன். அந்த அம்மாள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “உங்க அத்தைக்குச் செவ்வாயா?”

“ஆங். அதுக்குத்தான் செவ்வாக்கிழம சாப்பிடவே மாட்டாங்க.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

வேன் தெருமுனை திரும்பியதும் நைனா என்னை அடித்தார். “வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா?” நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தாள். யார் சொல்லச் சொன்னது என்று நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் என் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அத்தை அழுதாள். “வலிக்குதா பாப்பா? ரொம்ப வலிக்குதா?” போன மாப்பிள்ளைக்காக அழுகிறாள் என்று நினைத்து, “வேற மாப்ள வருவாங்க அத்த” என்று தேற்றினேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

பொய் ஜாதகத்தோடு ஒரு வீட்டுக்குள் நுழைய அவளுக்கு மனமில்லை என்பதும், அண்ணன் எதிரில் அதைச் சொல்ல வாய் வராமல்தான் என்னைச் சொல்லவைத்தாள் என்பதும், அதற்கான அடி என் முதுகில் விழும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை என்பதும் அன்று எனக்குத் தெரியாது.