பத்தாவது கடவுச்சொல்

என் அப்பா மாமாங்கம் இந்தக் கார்த்திகையில் இறந்தார். நான்காம் நாள் அவருடைய நிறுவனத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. அனுதாபம் ஒரு வரி. வேலைப் போனைத் திருப்பித் தரும் முறை பதினொரு வரி.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில், இருபத்திநான்கு மாடிக் கட்டடம் ஒன்றைப் பராமரிக்கும் சுப்பராக அப்பா பதினாறு வருடம் இருந்தார். கொதிகலன் போடும் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு பழுது என்று சொல்வார். குடியிருப்பவர்கள் அவருடைய மடக்கு போனுக்கு அடித்தார்கள். அவர் போய்த் திருத்தினார். இதில் அறிக்கை எதுவும் உருவாகவில்லை என்பது நிறுவனத்துக்குப் பெரும் குறையாகப் பட்டது. 2009 வைகாசியில், ஊரில் சண்டை முடிந்த அதே கிழமை, சுப்பர்களை எல்லாம் கூப்பிட்டு, அரைநாள் திரையில் படம் காட்டி, ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் கொடுத்தார்கள். பழைய நம்பர்தான். மற்றதெல்லாம் புதிது.

விசைகள் பயறளவு. அப்பாவின் பெருவிரல் ஒரே அமுக்கில் நாலை அமுக்கும். இரண்டு நிமிடம் தொடாவிட்டால் போன் பூட்டிக்கொள்ளும். திறக்க எட்டு எழுத்துக் கடவுச்சொல். பத்து முறை பிழையாக அடித்தால் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். இப்படியான விதிகளை எழுதுவதுதான் என் தொழில், வேறொரு நிறுவனத்தில்.

அப்பா கடவுச்சொல்லை வெள்ளை ஒட்டு ரேப்பில் எழுதிப் போனின் முதுகில் ஒட்டியிருந்தார். ஒரு ஞாயிறு, நான் குடியிருக்கும் விட்பியிலிருந்து வந்து அதை உரித்தெடுத்தேன்.

"ஆர் மனே இதைக் களவெடுக்கப்போறான்? பன்னிரண்டாம் மாடியில ரொய்லற் அடைச்ச கதையை வாசிக்கவோ?"

"திறப்பைக் கதவிலயே தொங்கவிட்ட மாதிரி அப்பா இது."

"இருநூற்றிநாப்பது வீட்டுத் திறப்பு என்ர இடுப்பில தொங்குது. ஒண்டும் துலையேல்ல."

ரேப்பைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

அப்பாவின் தங்கை கோணேஸ்வரி மாமி மட்டக்களப்பிலிருந்து முல்லைத்தீவுக்குக் கலியாணம் முடித்துப் போனவர். கணவர் முன்பே காலமாகிவிட்டார். மாசிக்குப் பிறகு அவரிடமிருந்து செய்தி இல்லை. ஆனியில் அப்பாவின் சிநேகிதர் அருள்நாயகம் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அவருடைய மச்சான் வவுனியா முகாமில் மாமியைக் கண்டிருந்தார்.

"பிள்ளைகள்?" என்றார் அப்பா. யசிந்தன், தக்ஷிகா என்று மாமிக்கு இரண்டு பேர்.

"அது தெரியாது அண்ணை. உங்கட தங்கச்சி மிஸ்ட் கோல் தருவாவாம், களவாப் போன் வச்சிருக்கிற ஒராளிட்ட வாங்கி. நீங்கள் எடுக்கப்படாது, அவவுக்குக் காசு போயிடும். உடன திருப்பி அடியுங்கோ. அஞ்சு நிமிஷத்தில போன் மற்ற ஆளிட்டப் போயிடுமாம்."

ஒரு செவ்வாய் காலை பத்து மணிக்கு அது வந்தது. அப்பா எடுக்கவில்லை. தங்கையின் காசைக் காப்பாற்றிக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி, மணி ஓயும்வரை நின்றார். பிறகு நம்பரைப் பார்க்கப் போனார். வரும் அழைப்பை எடுக்கக் கேட்காத போன் இப்போது கடவுச்சொல் கேட்டது. திருப்பிப் பார்த்தார். முதுகில் ரேப் இல்லை.

ஒவ்வொரு பிழைக்கும் இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று போன் மரியாதையாகச் சொன்னது. பத்தாவதில் எல்லாவற்றையும் அழித்தது, மாமி அடித்த நம்பரோடு.

நான் வந்து நாற்பது நிமிடத்தில் போனுக்கு உயிர் கொடுத்தேன். நம்பர் கிடைக்கவில்லை. எடுக்காத அழைப்புக்குப் பதிவு இல்லை என்றது தொலைபேசி நிறுவனம். அப்பா ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"நல்லாப் பூட்டியிருக்கிறீங்கள் மனே," என்றார். "ஆராலயும் திறக்கேலாது."

அன்று கடவுச்சொல்லையே எடுத்துவிட்டேன். அது விதிமீறல். லீவு போட்டு, போனைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் பின்னால் மாடி மாடியாகத் திரிந்தேன். நான்காம் நாள் பதினாலாம் மாடியில், ஒரு போலந்துக் கிழவியின் சிங்குக்குக் கீழே அப்பா படுத்திருந்தபோது மணி அடித்தது. பறித்து எடுத்தார். பெருவிரல் ஸ்பீக்கரிலும் பட்டுவிட்டது. குசினி முழுக்க மாமியின் குரல்.

"ஏன் அண்ணன் எடுத்தனீங்கள்? காசு ஓடுது! வையுங்கோ!"

"பிள்ளைகள் ரெண்டும்?"

"யசிந்தன் பக்கத்தில நிக்கிறான் அண்ணன்."

அழைப்பு அறுந்தது. நம்பர் திரையில் இருந்தது. நான் காலிங் கார்ட்டை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் பொறு மனே."

நல்ல செய்தியா என்று கிழவி ஆங்கிலத்தில் கேட்டாள். தங்கச்சி என்று மட்டும் அப்பா சொன்னார். திரும்பவும் சிங்குக்குக் கீழே போய், ஏற்கெனவே இறுக்கிய நட்டை இறுக்கினார். வெகுநேரம் வெளியே வரவில்லை. ஐந்து நிமிடம் கடந்துபோனது. நானும் கார்ட்டைப் பையில் வைத்தேன்.

பிறகு மாமியோடு கிழமைக்கொரு தரம் பேசினார். யசிந்தன் சாப்பிட்டானா, பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டதா என்று கேட்பார். இறக்கும்வரை மற்றப் பிள்ளையைப் பற்றி அவர் கேட்கவில்லை. மாமியும் சொல்லவில்லை.