கருப்பின் தட்டில் உப்பு

விளாங்குடியில் நான் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடும் புண்ணாக்கும் விற்ற கடைதான். இப்போது பாதிக்கு மேல் நாய்த் தீவனப் பாக்கெட்டுகள். படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள், விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள், தன் வீட்டு நாய் கோழிக்கறி தவிர எதையும் தொடாது என்று பீற்றிக்கொள்கிறவர்கள் என எல்லா ரகமும் வந்து போகும். பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று என்னைப் படித்துக் காட்டச் சொன்னவர் ஒருவர்தான். பாண்டீஸ்வரி அக்கா.

அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்கும்போதுகூட அவர் உப்பை அளந்து போட்டதில்லை. கையை ஜாடிக்குள் விட்டால் அள்ளி வருவதுதான் கணக்கு. ருசி பார்க்காமலே இறக்குவார், பிள்ளைகள் வழித்துச் சாப்பிடுவார்கள். அந்தக் கை மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரே மகன் அழகுபாண்டி, செல்லூரில் விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்தான். பட்டறை வாசலில் கிடந்த கருப்பு நிறக் குட்டியை ஒருநாள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். கருப்பு என்றே பெயரும் வைத்தான். குட்டி பெரிதாகி ஆறு வருஷம் அவன் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடியது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் திண்டுக்கல் ரோட்டில் அந்த வண்டி லாரிக்கு அடியில் போய்விட்டது. பையனுக்கு இருபத்திநாலு வயசு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்காவும் நாயும் மட்டும்தான்.

பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய சாம்பார் சோறு, கருவாட்டுத் தலை என்று தின்று வளர்ந்த நாய் அது. இந்தத் தை மாதம் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்துப் போனது. கால்நடை டாக்டர் ரோகிணி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார். எலும்பு கூடாது, கருவாடு கூடாது, கறி ரொம்பக் குறைவு. குழைந்த சோறு, மஞ்சள் பூசணி, முட்டையின் வெள்ளைக்கரு போடலாம். உப்பு மட்டும் ஒரு கல்கூடக் கூடாது.

நான் விற்கும் சிறுநீரக நோய்த் தீவனத்தைக் கருப்பு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவானது. அக்கா காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்பே பொங்கி ஆற வைத்துவிடுவார். பூசணியில் தோல் துணுக்கு இருக்காது, முட்டையில் மஞ்சள் ஒட்டியிருக்காது. பெற்ற பிள்ளைக்குப் பத்தியம் பார்க்கிறவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள்.

ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனை முன்னைவிட மோசமாக இருந்தது. அதற்கடுத்தது அதைவிட மோசம். டாக்டர் ஒவ்வொரு முறையும், “உப்புச் சேர்க்கலையே?” என்று கேட்பார். “இல்லீங்கம்மா” என்று அக்கா சட்டென்று சொல்லிவிடுவார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒருநாள் கடையில் நாலு பேர் நிற்கும்போதே கத்திவிட்டேன்.

“யாருக்கா அதுக்குக் கண்டதையும் போடுறது? பக்கத்து வீட்டுக்காரங்களா? இல்ல, நீங்களே பாவம் பாத்துக் கருவாடு போட்டீங்களா?”

“நான் எதுக்குத் தம்பி போடப்போறேன்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த நடையைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருப்பு தின்றதையெல்லாம் கக்குகிறது, எழுந்து நிற்கவே தள்ளாடுகிறது என்று அக்காவிடமிருந்து போன் வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போக ஆட்டோ பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. இடது கை உப்பு ஜாடிக்குள் போனது. வெளியே வந்து சோற்றின் மேல் விரிந்தது.

“அக்கா, என்ன பண்றீங்க?”

திடுக்கிட்டுத் திரும்பினார். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். நீங்களே அதைக் கொல்லுறீங்க என்றுகூடச் சொன்னேன். அந்தச் சொல்லை இன்றைக்கு வரை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை. அக்கா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. கையில் ஒட்டியிருந்த பருக்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“உப்பில்லாம ஒரே ஒரு நாள்தான் தம்பி இந்த அடுப்புல பொங்கியிருக்கேன். அழகுபாண்டி கருமாதிக்கு.”

எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். செத்தவர்களுக்குப் படைக்கிற சோற்றில் உப்புப் போடுவதில்லை. உயிரோடு இருக்கிறவர்களுக்கு அப்படிப் பரிமாறுவதும் இல்லை.

“மொத நாள் டாக்டரம்மா சொன்ன மாதிரிதான் பொங்கினேன். தட்டுல வச்சுட்டு இதைக் கூப்பிட வாயெடுத்தேன். அம்புட்டுத்தான், தட்டைத் திரும்ப எடுத்துட்டேன். அன்னைக்கு எலையில வச்சுட்டு எம்மகனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டேன்ல, அதே மாதிரி இருந்துச்சு. உசுரோட நிக்கிறதுக்கு முன்னால எப்படித் தம்பி அதை வைப்பேன்? ஒரு சிட்டிகைதானே, என்ன ஆயிரும்னு போட்டேன். இந்தக் கைக்குச் சிட்டிகை தெரியுமா?”

டாக்டரிடம் அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ரோகிணி திட்டவில்லை. கருப்பின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், வெளிறிக் கிடந்தது. “உப்பினாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல மாட்டேன்மா. இந்த நோய் எப்படியும் கூடிக்கிட்டேதான் போகும். உப்பு அதைக் கொஞ்சம் வேகப்படுத்தியிருக்கும். இனிமே அதைச் சிரமமில்லாம பாத்துக்கறதுதான் நாம செய்ய முடிஞ்சது” என்றார். குளுக்கோஸ் ஏற்றி, வாந்தி நிற்க ஊசி போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். எனக்குக் கிளம்ப மனசில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கைப்பிடி அரிசி, நாலு துண்டு பூசணி. வெந்ததும் வெள்ளைக்கருவை ஊற்றிக் கிண்டி இறக்கினார். விசிறியால் விசிறி ஆற வைத்தார். கருப்பின் தட்டில் போட்டுக் கொண்டுவந்து அதன் மூக்குக்கு அருகே வைத்தார். கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடாமல் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

கருப்பு தானாகவே தலையைத் தூக்கியது. ஊசியின் தெம்போ என்னவோ, முகர்ந்து பார்த்து நக்கியது. படுத்தபடியே முக்கால் தட்டைத் தின்றது. ஓரத்தில் ஒட்டியிருந்த பூசணியையும் நக்கி எடுத்தது. பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்து வாலைத் தரையில் இரண்டு தரம் தட்டியது. உப்பு இல்லை என்கிற குறை அதன் முகத்தில் எங்கேயும் இல்லை.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. என் பக்கம் திரும்பி, தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

“இம்புட்டு நாளா யாருக்குத் தம்பி நான் உப்புப் போட்டேன்?”

எனக்குப் பதில் தெரியும். எழுந்து போய் உப்பு ஜாடியை மூடிவைத்தேன்.

அதற்குப் பிறகு கருப்பு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அக்கா உப்பில்லாமல்தான் பொங்கினார், ஒவ்வொரு வேளையும் தட்டை வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.