இரண்டு குப்பத்துக்கு நடுவே ஒரு மணல்மேடு

போன வாரம் குத்தாலம் கடைத்தெருவில் ஒரு பூக்காரம்மா கூடையின் ஓரத்தில் தாழம்பூ வைத்திருந்தார். வெற்றிலை வாங்கப் போனவள் அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன்.

"எங்கேருந்தும்மா வருது?" என்று கேட்டேன்.

"ஏதோ வாய்க்காக் கரையிலேருந்து வெட்டிக் கொண்டாந்தாங்க. இப்ப யாரு தலையில வைக்கிறா, சாமிக்குத்தான்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வெற்றிலையை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன் என்பது தனிக்கதை. எனக்குத் தாழம்பூ என்றால் வாய்க்கால் நினைவுக்கு வராது. மணல்தான் வரும்.

நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் எங்கே வேலை பார்த்தேன் என்று சொன்னதில்லை. நாகூரில் பஸ் மாறிப் போய் இறங்கினால், கடலோரமாக இரண்டு மீனவக் குப்பங்கள். பெயர் எதற்கு? தெற்குக் குப்பம், வடக்குக் குப்பம் என்றே வைத்துக்கொள்வோம். நான் வயல்காட்டுப் பெண். நாற்றங்கால் சேற்றில் வழுக்காமல் நடப்பேன். காய்ந்த மணலில் கொஞ்ச தூரம் போவதற்குள் மூச்சு வாங்கும். இந்த அழகில், சேர்ந்த அன்று குதிகால் உயர்ந்த செருப்பு வேறு. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து வந்தாள்.

"அதக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க நர்ஸம்மா. தண்ணியோரமா ஈரத்துல நடங்க, கால் பொதையாது."

அவள்தான் அஞ்சலை. பிறந்தது தெற்குக் குப்பம், வாழ்க்கைப்பட்டது வடக்குக் குப்பம். அவளுடைய அண்ணன் கோவிந்து தெற்கில் இருந்தார். பொங்கலுக்குச் சீர்வரிசையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து தங்கை வீட்டுக்கு வருவார். எங்கள் ஊரில் பக்கத்துத் தெருவுக்குப் போவது போலத்தான் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த தூரம்.

அந்த நடுவில்தான் மணல்மேடு. பனைமரத்தில் பாதி உயரம் இருக்கும். கடலைப் பார்த்த பக்கம் அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூவாகக் கிடக்கும், பின்பக்கம் தாழம்புதர். தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தினமும் அதன் அடிவாரத்தில்தான் போவேன். நிழலுக்காகக் கொஞ்சநேரம் உட்காருவதும் உண்டு.

அஞ்சலையின் தலைப்பிள்ளை பெண். மாதம் நிறையாமல் பிறந்தது. நாகப்பட்டினம் பெரியாஸ்பத்திரியில் நானும் கூடவே இருந்தேன். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. புருஷன் தொழிலுக்காகக் கேரளத்துப் பக்கம் போயிருந்தான். தாய்மாமன் கோவிந்துதான் குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போய், மேட்டின் பின்பக்கம் தாழைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்தார். பெண்கள் கூடப் போகும் வழக்கமில்லை.

அதற்குப் பிறகு நான் வடக்குக் குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் அஞ்சலை மெதுவாகப் பக்கத்தில் வருவாள்.

"நீங்க அந்தப் பக்கமாத்தான வாறீங்க. எப்புடி இருக்கு?"

"கொடி படந்துடுச்சு. பூத்திருக்கு."

"ஆடு கீடு மேயுதா?"

"தாழ முள்ளு இருக்குல்ல, கிட்ட வராது."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவாள். என் பதிவேட்டில் குழந்தைகளின் எடை, ஊசி என்று எவ்வளவோ எழுதினேன். இதை எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் அந்த வேலையில் நான் தவறாமல் செய்தது இது ஒன்றுதான் என்று சில சமயம் தோன்றும். பிறகு அவளுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அங்கே போனால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்ற பயம் விட்டுப் போய், அவளே மேட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

நானும் மாற்றலாகி ஊர்ப்பக்கம் வந்துவிட்டேன். கருவாட்டுக் கூடையோடு இந்தப் பக்கம் வந்தால் அஞ்சலை எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போகமாட்டாள். அங்கே நடந்ததெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே அவர்களுக்கு ஒரு நடுக்கம் வந்திருந்தது. தெற்கே எங்கேயோ துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டினார்கள். அதிலிருந்து தெற்குக் குப்பத்தின் கரை கரையத் தொடங்கியது. முன்வரிசை வீடுகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் விழுந்தன. அப்போது ஊர்த்தலைவராக இருந்தவர் கோவிந்து. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் கரை நெடுகக் கருங்கல் சுவர் வரவழைத்துவிட்டார். ஊர் அவரைக் கொண்டாடியது. வீடுகளும் பிழைத்தன.

ஆனால் கடல் வடக்கே திரும்பியது. இரண்டு மழைக்காலத்துக்குள் வடக்குக் குப்பத்தில் படகை இழுத்துப் போட இடமில்லாமல் போயிற்று.

ஒரு கார்த்திகை மாதம் அஞ்சலை வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். சோறு போட்டேன், கை வைக்கவில்லை.

"மேடு போயிடுச்சு நர்ஸம்மா. தாழையோட சரிஞ்சு உள்ள போயிடுச்சு."

தட்டை நகர்த்தி வைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு கோவிந்து தங்கை வீட்டுக்கு வரவே இல்லையாம். பொங்கல் சீரை யாரிடமோ கொடுத்தனுப்பினாராம். இவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய் முன்னால் நின்றிருக்கிறாள்.

"கடலு செஞ்சதுக்கு நீ ஏண்ணே மூஞ்சிய மறைக்கிற?"

அவர் சொன்னாராம்: "என் கையாலதான பொதைச்சேன். என் வாயாலதான கல்லும் கேட்டேன்."

வடக்குக் குப்பமும் கல் கேட்பதென்று கூட்டம் போட்ட அன்று நான் அங்கே இருந்தேன். அஞ்சலையின் பேரனுக்குக் காதுகுத்து, அதற்காகப் போயிருந்தேன். அழைக்காமலே கோவிந்து வந்து, ஓரமாக நின்று பேசினார்.

"கல்லு வேணாம்ப்பா. மண்ணு தெக்கேருந்து வடக்க நடந்துக்கிட்டே இருக்கும். நடுவுல கல்லப் போட்டா அடுத்த ஊரத் திங்கும். நான் பாத்துட்டேன்."

ஒருவன் எழுந்தான். "உங்க ஊரு மட்டும் நிக்கணும், நாங்க கடலுக்குள்ள போவணுமா?"

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. கோவிந்து தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணன் சொல்றது நெசம். அதுல பொய் இல்ல. ஆனா எங்க வீட்டு வாசல்ல தண்ணி வந்து நிக்குது. நாங்க எங்க போறது, அதையும் யாராச்சும் சொல்லுங்க."

கல் கேட்கும் மனு கைமாறி வந்தது. அவளும் கல்லுக்குத்தான் கைநாட்டு வைத்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கல் வந்தது. அதற்கும் வடக்கே இப்போது இன்னொரு ஊர் கல் கேட்டு அலைகிறது.

தாழம்பூ வாங்கிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே அஞ்சலை வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். இரண்டு குப்பத்துக்கும் கரையோரமாக நடந்து போக வழியில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். கரைவலை இழுக்க இடமில்லை. கருவாடு மொட்டைமாடியில் காய்கிறது. அஞ்சலை வீட்டில் கோவிந்து இருந்தார். இப்போதெல்லாம் வாராவாரம் வருகிறாராம், முழங்கால் வலியோடு, டவுன் பஸ்ஸில்.

சாயங்காலம் மூவரும் கல்சுவர் மேல் போய் நின்றோம். மேடு எங்கே இருந்தது என்று பேச்சு வந்தது. அஞ்சலை ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இல்ல புள்ள, இன்னும் தெக்க" என்றார் கோவிந்து. "அங்கேருந்து பாத்தா கோயில் வேம்பு தெரியும்."

அந்த வேம்பும் இப்போது இல்லை. தினமும் அந்த வழியில் நடந்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்கும் என்று இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் நிச்சயமில்லை என்று தெரிந்தது.

மூன்று பேரும் மூன்று இடத்தைக் காட்டியிருந்தோம். மூன்றிலும் தண்ணீர்தான் இருந்தது.